கொழுக்கட்டையின் முதுகில் அழியாத கட்டங்கள்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடிச்சு ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து போனைத் தடவிக்கிட்டு இருந்தேன். குதிரை லாயத்துல வேலை செஞ்சவங்க, செய்றவங்க எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்காங்க. நான் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் என்னை அதுலேருந்து தூக்கல. ஒரு படம் வந்துச்சு. கட்டை குட்டையா ஒரு பழுப்புக் குதிரை, கடிவாளத்துல ரிப்பன். பின்பக்கத்துல சதுரம் சதுரமா முடியைச் சீவி கட்டம் போட்டிருக்காங்க. தாயக்கட்டம் மாதிரி அவ்வளவு தெளிவு. கீழே ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்காங்க.

நான் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். படம் போட்டது ஷாலினி. எங்க லாயத்துல முன்ன வேலை செஞ்ச பொண்ணு. இப்ப கல்யாணம் ஆகி பிள்ளை பெத்தவ, சொந்தமா குதிரை வச்சிருக்கா. "இது போட்டிக்கு முன்ன எடுத்ததா, பின்ன எடுத்ததாம்மா?"ன்னு எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்துச்சு. "பின்னதான் ஆன்ட்டி! இப்பதான் ரிங்லேருந்து வெளிய வந்தோம். கட்டம் அப்படியே இருக்கு பாருங்க. சூப்பர்லா!"

சூப்பராம். அன்னிக்கு நான் என்ன செஞ்சேன்னு கடைசியில சொல்றேன். அது புரியணும்னா முதல்ல கொழுக்கட்டையைப் பத்திச் சொல்லணும்.

நான் மலேசியாவுல பெடாஸ் பக்கத்துத் தோட்டத்துல பிறந்தவ. ரப்பர் மரத்தையெல்லாம் தள்ளிட்டு எண்ணெய்க்குன்னு செம்பனை போட்ட பிறகு, பழைய புகைக்கூண்டுக்குப் பின்னால இருந்த மேட்டுல தோட்டத்து முதலாளி வீட்டுக்காரங்க ஒரு லாயம் கட்டுனாங்க. டவுன்லேருந்து வசதியானவங்க குதிரையைக் கொண்டாந்து விட்டுட்டு, சனி ஞாயிறு வந்து ஏறுவாங்க. நான் புல்லு வெட்ட ஆளா போனேன். புல்லு வெட்டி, சாணி அள்ளி, தண்ணி தூக்கி, நாலு வருஷம் கழிச்சுத்தான் குதிரை உடம்புல பிரஷ் வைக்க விட்டாங்க. விட்டது லாயத்து மேஸ்திரி, மண்டோர் முனியாண்டி.

மண்டோர் சின்ன வயசுல ரேஸ் குதிரை பார்த்த ஆளு. கத்த மாட்டாரு, திட்ட மாட்டாரு. அதுக்குத்தான் அவர்கிட்ட அவ்வளவு பயம். நீலம் போட்டு வெளுத்து, நாலா மடிச்ச வெள்ளைக் கைக்குட்டை ஒண்ணு சட்டைப் பையில எப்பவும் இருக்கும். நாம குதிரையைத் தேய்ச்சு முடிச்சதும் வருவாரு. காதுக்குப் பின்னால ஒரு இழுப்பு. வயித்து வார் படுற இடத்துல ஒரு இழுப்பு. பின்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல, கடைசியா வாலைத் தூக்கி அடியில. வேர்வை காஞ்ச உப்பும் அழுக்கும் அந்த இடத்துலதான் ஒளிஞ்சிருக்கும். கைக்குட்டையில துளி கறை பட்டாலும் போதும், கறைப் பக்கம் மேல வர்ற மாதிரி மடிச்சு நம்ம உள்ளங்கையில வச்சுட்டுப் போயிருவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நாம அதைத் துவைச்சு நீலம் போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். அந்த லாயத்துல நான் துவைச்ச கைக்குட்டை மாதிரி என் புருஷன் சட்டையைக்கூடத் துவைச்சதில்ல.

கொழுக்கட்டை வந்தது சிரம்பான்ல பல்லு டாக்டரா இருக்கிற மிஸ் சூவுக்கு. அயர்லாந்துலேருந்து விமானத்துல வந்த குதிரை. அந்தச் சாதிக்கு 'காப்'புன்னு பேரு. குட்டைக் கால், அகலமான முதுகு, உருண்ட பின்பக்கம், சாதுவான குணம். வயசானவங்ககூடப் பயப்படாம ஏறலாம். ஆவியில வேக வச்ச மாதிரி வழுவழுன்னு இருந்தான், அதனால நாங்க வச்ச பேரு அது. மிஸ் சூவுக்குப் பேரு புடிச்சுப் போயி, "கொலுக்காட்டே"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

காப் குதிரைக்குன்னு தனிப் போட்டி இருக்கு. ஓட்டப் பந்தயம் இல்ல. நடை, ஓட்டம், பாய்ச்சல், உடம்புக் கட்டு, அடக்கம், அலங்காரம் எல்லாத்தையும் பார்ப்பாங்க. ஜட்ஜே ஒவ்வொரு குதிரை மேலயும் ஏறி ஓட்டிப் பார்ப்பாரு. மண்டோர் என்னைக் கூப்பிட்டு, "லெட்சுமி, இவனை நீதான் தயார் பண்ற"ன்னாரு. புல்லு வெட்ட வந்தவளுக்கு முதல் ஷோ குதிரை. சந்தோஷத்துல அன்னிக்குச் சோறு இறங்கல. பயத்துலயுந்தான்.

தயார் பண்றதுன்னா சும்மா குளிப்பாட்டுறது இல்ல. மத்த குதிரைக்குப் பிடரி மயிரைப் பின்னுவாங்க, காப்புக்கு மொத்தமா வழிச்சிடணும். தடித்த கழுத்து வளைவு வெளிய தெரியணும், அதுக்குத்தான். தோள் மேட்டுலேருந்து காது வரைக்கும் மெஷினை ஒரே சீரா ஓட்டணும். ஒருத்தர் தலையைக் கீழே இறக்கிப் பிடிச்சுக்கணும், அப்பதான் தோல் விறைப்பா நிக்கும். கை ஆடிச்சுன்னா கழுத்துல பள்ளம் விழுந்துரும், மறைக்க முடியாது. ஷோவுக்கு மூணு நாள் முன்னாடியே வழிக்கணும், மெஷின் ஓடின கோடு அடங்கணும்ல. கால் முடியைச் சீப்பை மேல்நோக்கி ஓட்டிக் கத்தரிக்கணும். வால் நுனியை நேரா வெட்டுறதுக்கு முன்னாடி வாலடியில கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கணும். நடக்கும்போது குதிரை வாலைத் தூக்கும், அந்த உயரத்துல வெட்டினாத்தான் அளவு சரியா வரும். நெத்திப்பட்டை வெறும் தோலா இருக்கணும். கலர் துணி சுத்தினது காப்புக்கு ஆகாது.

கடைசி வேலைதான் கட்டம். பின்பக்க முடியை ஈரப் பிரஷால வழுவழுன்னு படிய வைக்கணும். அப்புறம் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒடிச்ச சீப்பால முடியைக் குறுக்கே இழுத்து இழுத்துச் சதுரம் போடணும். "பெரிய பின்பக்கத்துக்குப் பெரிய கட்டம். சின்னதா போட்டா பாய் விரிச்ச மாதிரி இருக்கும்"னு மண்டோர் சொல்வாரு. பாசார்ல வாங்கின சீப்பு எத்தனை ஒடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

போட்டிக்குன்னு தினமும் விடியக்காலையில, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, செம்பனைக்கு நடுவுல போற மண் ரோட்டுல மிஸ் சூ அவனை ஓட்டிட்டு வருவாங்க. பனி இறங்கி ஜில்லுன்னு இருக்கிற நேரம். திரும்பி வந்ததும் தேய்ப்பேன். அவன் வந்து அஞ்சாவது மாசத்துல ஒரு நாள் மண்டோர் கைக்குட்டையை எடுத்தாரு. காதுக்குப் பின்னால இழுத்தாரு, வார் இடம், கால் இடுக்கு, வாலடி. எடுத்துப் பார்த்தாரு. பளிச்சுன்னு இருந்துச்சு.

"சுத்தம்"னாரு.

அந்த மனுசன் வாயிலேருந்து அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மறுநாளும் சுத்தம். மறுவாரமும் சுத்தம். சேணத்துக்கு அடியில போடுற துணி துவைக்காமலே வெள்ளையா இருந்துச்சு. எனக்குத் தலைகால் புரியல. என் கை ராசின்னு நினைச்சேன். பிடரியை வழிச்சுட்டோம், கழுத்துல காத்துப் படுது, அதான் சீக்கிரம் காயுதுன்னு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். என்ன புத்தி பாருங்க.

ஷோவுக்கு ரெண்டு வாரம் இருக்கு. லாடம் அடிக்கிறவர் வர லேட்டாகி, மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் அடிச்சு முடிச்சாரு. லாடம் சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்க்கக் கொழுக்கட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு நாலு தடவை ஓடினேன். நான் தொப்பலா நனைஞ்சுட்டேன். அவன் மேல ஒரு பொட்டு ஈரம் இல்ல. மூக்கு ரெண்டும் விரிஞ்சு, விலா ரெண்டும் துருத்தி போட்ட மாதிரி அடிச்சுக்கிச்சு. அரை மணி நேரம் ஆகியும் அடங்கல. குழாயைத் திறந்து தண்ணி அடிச்சேன், அப்புறம் மெல்ல அடங்குச்சு.

மண்டோர்கிட்ட சொல்லலாம்னு போனேன். கணக்குப் புத்தகத்துல தீவனம் எழுதிக்கிட்டு இருந்தாரு. நிமிர்ந்து, "என்னாம்மா?"ன்னாரு. "ஒண்ணும் இல்ல மண்டோர், லாடம் நல்லா இருக்கு"ன்னேன். சொன்னா நிறுத்தி வச்சுருவாரு. என் முதல் குதிரை. பருமனான குதிரை, வெயிலு, மூச்சு வாங்கத்தானே செய்யும்னு மனசை அடக்கிக்கிட்டேன். அந்த ரெண்டு வாரமும் எனக்கு ஒழுங்கா தூக்கம் இல்ல.

ஷோ பாரோய் பக்கத்துல ஒரு திடல்ல நடந்துச்சு. எங்க போட்டி எட்டு மணிக்கு. நான் ஏழரைக்கெல்லாம் கட்டம் போட்டு முடிச்சுட்டேன். புல்லு மேல நிறுத்தி, குளம்புக்கு எண்ணெய் தடவி, மூக்குல லேசா பேபி ஆயில் தொட்டு வச்சாச்சு. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனுசர், டத்தோ பட்டக்காரர், வரல. ஒன்பது ஆச்சு. பத்து ஆச்சு. "இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாரு"ன்னு மைக்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவர் வந்து பேசி முடிக்க பதினொண்ணரை. வெயில் மண்டையைப் பிளந்துச்சு. நான் குடையைக் கொழுக்கட்டைக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

கயிறு கட்டின ரிங்குக்குள்ள போறதுக்கு முன்னாடி மண்டோர் வந்தாரு. கைக்குட்டையை எடுத்தாரு, ஆனா துடைச்சுப் பார்க்கல. என் சட்டைப் பையில சொருகினாரு. "உள்ள சேணத்தைக் கழட்டச் சொல்வாங்க. அப்ப கந்தலால துடைக்காதே. இதால துடை"ன்னாரு. அவர் கைக்குட்டையை இன்னொருத்தர் வேலைக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பெருமையில எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ஆறு குதிரைங்க. நடந்துச்சு, ஓடுச்சு, பாய்ஞ்சுச்சு. ஜட்ஜ் வெள்ளைக்காரர், வயசானவரு. கையை நீட்டி முதல் ஆளா கூப்பிட்டது கொழுக்கட்டையை. கயித்துக்கு வெளிய மண்டோர் பல்லு தெரியச் சிரிச்சாரு. ஜட்ஜ் முதல்ல அவன் மேலதான் ஏறினாரு. ஒரு சுத்து நல்லா விரட்டி ஓட்டிட்டு இறங்கித் தட்டிக் கொடுத்தாரு. அப்புறம் மத்த அஞ்சு குதிரையிலயும் ஏறி இறங்கினாரு. அந்த நேரம் முழுக்கக் கொழுக்கட்டை சும்மாதான் வரிசையில நின்னான். அது முடிஞ்சதும், சேணம் கழட்ட, குதிரைக்கு ஒரு ஆளா எங்களை உள்ள கூப்பிட்டாங்க.

நான் பிரஷ் பெட்டியோட ஓடினேன். முதல்ல கண்ணுல பட்டது பக்கத்துக் குதிரை. வேர்வை சொட்டச் சொட்ட, வாரடியில நுரை தள்ளி, பின்பக்கத்துல போட்ட கட்டமெல்லாம் கரைஞ்சு ஒண்ணும் இல்லாமப் போயிருந்துச்சு. அதுக்கடுத்ததும் அப்படித்தான். ஆறுல அஞ்சு குதிரைக்குக் கட்டம் கரைஞ்சு போச்சு. என் கொழுக்கட்டைக்கு மட்டும் காலையில நான் போட்டது அப்படியே, ஒரு முடி கலையாம இருந்துச்சு.

"லெட்சுமி, செப்பாட்லா, தொடைங்க"ன்னு மிஸ் சூ அவசரப்படுத்தினாங்க. "இவன் இன்னிக்கு கொஞ்சம் சோம்பேறி. ஆனா பரவால்ல, நாம முதல்ல இருக்கோம்!"

சேணத்தைத் தூக்கி மிஸ் சூ கையில கொடுத்துட்டு, கடிவாளத்தை வாங்கிக்கிட்டேன். சேணம் இருந்த இடத்துல கையை வச்சேன். அடுப்புல காஞ்ச தோசைக்கல்லு மாதிரி சுட்டுச்சு. காஞ்சு கிடந்துச்சு. கைக்குட்டையை எடுத்து முதுகுல அழுத்தி இழுத்தேன். வயித்துக்கடியில இழுத்தேன். எடுத்துப் பார்த்தா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அவன் மூக்கு விரிஞ்சு விரிஞ்சு மூடுது. நிறுத்தி வச்சு எவ்வளவு நேரம் ஆச்சு, விலா இன்னும் அடிச்சுக்கிது. கண்ணு என்னைப் பார்க்கல, எங்கயோ பார்த்துச்சு. ஐயோ, செத்துருவான், நான் கொன்னுட்டேன்னு எனக்குள்ள ஒரே அலறல்.

இனி கையில பிடிச்சு ஓட்டிக் காட்டணும். திரும்பச் சேணம் போடணும். ஜெயிச்சா ரிங்கைச் சுத்தி ஒரு முழுப் பாய்ச்சல். ஜட்ஜைக் கேக்காம வெளிய போனா போட்டியிலேருந்து எடுத்துருவாங்க. மிஸ் சூவோட குதிரை, மண்டோரோட பேரு. முடிவு எடுக்க நான் யாரு? அதனால கைக்குட்டையை விரிச்சு, மண்டோர் பக்கமா தூக்கிக் காட்டினேன்.

அவர் முதல்ல சிரிச்சாரு. சுத்தம்! தலையைக்கூட ஆட்டினாரு. நான் கையை இறக்கல. காட்டிக்கிட்டே நின்னேன். அழுதுகிட்டே நின்னேன்னு பின்னால மிஸ் சூ சொன்னாங்க. மண்டோர் கைக்குட்டையைப் பார்த்தாரு, பக்கத்துக் குதிரையைப் பார்த்தாரு, கொழுக்கட்டையோட பின்பக்கத்தைப் பார்த்தாரு. அவர் மூஞ்சி செத்துப் போச்சு.

வெளி ஆளு கால் வைக்கவே கூடாத இடம் அது. விதிக்கு விரோதமா ஒரு ஆணிகூட அடிக்காத மனுசன் கயித்துக்கு அடியில குனிஞ்சு உள்ள ஓடி வந்தாரு. தொப்பி கீழே விழுந்துச்சு, எடுக்கல. கடிவாளத்தை என் கையிலேருந்து வாங்கி, "வெளிய! வெளிய! தண்ணி!"ன்னு கத்தினாரு. அவர் கத்தி அன்னிக்குத்தான் கேட்டேன். மைக்ல எங்க நம்பரை எடுத்துட்டதா சொன்னாங்க. மிஸ் சூ சேணத்தைத் தூக்கிப் போட்டுட்டு அவங்களும் ஓடி வந்தாங்க.

திடல் ஓரத்துல குழாய் இருந்துச்சு, தண்ணி நூலு மாதிரி வந்துச்சு. எதுத்தாப்புல ஒரு பாய், துருவின ஐஸ்ல சிரப்பு ஊத்தித் தர்ற ஐஸ் கச்சாங் கடை போட்டிருந்தாரு. "பாய், ஐஸ் வேணும், குதிரை சாகப் போகுது!"ன்னு கத்தினேன். அவர் ஒண்ணும் கேக்கல. "எடும்மா, எல்லாத்தையும் எடு!"ன்னு ஐஸ் பெட்டியையே தூக்கிட்டு வந்தாரு. ஐஸ் தண்ணியை ஊத்துறது, சூடான தண்ணியைக் கையால வழிச்சு விடுறது, திரும்ப ஊத்துறது. நின்னா போச்சு. நாலு பேரும் மாத்தி மாத்தி ஊத்தினோம். சிரப்பு சிந்தி அவன் வெள்ளைக் கால் ரெண்டும் சிவப்பாயிருச்சு. நான் போட்ட கட்டம் அப்பதான் கரைஞ்சு ஓடுச்சு. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியா இருந்துச்சுன்னா நம்புவீங்களா?

ஒரு மணிக்கு மேல மூச்சு இறங்குச்சு. வாளியில வாயை வச்சுத் தண்ணி குடிச்சான். மிருக டாக்டர் வந்து சூட்டை அளந்து பார்த்துட்டுத் தலையில கை வச்சாரு. குளிர் நாட்டுலேருந்து வந்த குதிரைங்க சிலது நம்ம புழுக்கத்துல கொஞ்ச நாள்ல வேர்க்கிறதையே நிறுத்திரும், உள்ளுக்குள்ளேயே வெந்துரும்னாரு. "இன்னொரு சுத்து ஓடியிருந்தா அங்கயே விழுந்திருக்கும்"னாரு. அதுக்கப்புறம் மிஸ் சூ அவனை மலைப்பக்கம் ஒரு லாயத்துக்கு அனுப்பிட்டாங்க. நல்லபடியா பல வருஷம் இருந்தான். அதுக்கப்புறம் அவன் போட்டிக்கே போகல.

அன்னிக்கு லாரியில திரும்பும்போது நானும் மண்டோரும் முன்சீட்டுல. என்னால அடக்க முடியல. லாடம் அடிச்ச அன்னிக்கு நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லி அழுதேன். "தெரிஞ்சே மறைச்சுட்டேன் மண்டோர். என்னை வேலையை விட்டு அனுப்பிருங்க."

அவர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "எனக்கும் மூணு வாரமா உறுத்தல். எந்தக் குதிரையும் தினமும் சுத்தமா இருக்காது. நாப்பது வருஷமா துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா? உன்னைக் கேக்கலாம்னு வருவேன். உன் மூஞ்சியைப் பார்ப்பேன். சந்தோஷமா இருப்ப. இவ தினமும் தொட்டுப் பார்க்கிறவ, இவளே ஒண்ணும் சொல்லலியே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு போயிருவேன்."

எனக்கு அழுகை நின்னு போச்சு. நான் அவர் சொன்ன 'சுத்தம்'கிற வார்த்தையை நம்பி வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவர் என் வாயி மூடியிருக்கிறதை நம்பி இருந்திருக்காரு. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த வாயில்லா ஜீவன் வெந்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கப்புறம் லாயத்துல எல்லாரும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னாங்க. சந்தேகம் வந்தா அந்த நிமிஷமே கத்திருவேன். பத்துல ஒன்பது தடவை ஒண்ணும் இருக்காது. கேலி பண்ணிட்டுப் போகட்டும்.

அதனால அந்த ஞாயித்துக்கிழமை ஷாலினிக்குப் போன் அடிச்சேன். எடுக்கல. திரும்ப அடிச்சேன். மூணாவது தடவை எடுத்தா. பின்னால ஒரே சிரிப்பும் கூத்தும்.

"ஆன்ட்டி, படம் எடுத்துக்கிட்டு இருக்கோம், அப்புறம் பேசட்டா?"

"வேணாம்மா, வைக்காதே. குதிரை மூச்சு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு. அவன் எப்பவும் அப்படித்தான் ஆன்ட்டி. குண்டுல்ல. நீங்க சும்மா பயப்படாதீங்கலா."

"சேணத்தை எடு. முதுகுல கையை வை. நான் சொல்றேன்ல, வைம்மா."

சிரிப்புச் சத்தத்தை விட்டு அவ தள்ளிப் போறது கேட்டுச்சு. வார் கழட்டுற சத்தம்.

"ஆன்ட்டி…" குரலு மாறிப் போச்சு. "காஞ்சு கிடக்கு. சுடுது."

"குழாய் எங்க இருக்கு? ஓடு. யார்கிட்ட ஐஸ் இருந்தாலும் வெக்கப்படாம கேளு. ஊத்து, வழிச்சு விடு, திரும்ப ஊத்து."

தண்ணி விழுற சத்தம் கேக்கிற வரைக்கும் நான் போனை வைக்கல. அப்புறமும் வைக்கல.